குவியலை அளந்த கோல்

மூன்று அரசர்கள் இருந்தால், அவர்களில் யார் பலசாலி என்று சொல்ல நாலாவதாக ஓர் ஆள் தேவைப்பட்ட காலம் அது, கேட்பவர்களே. கல்நாடு, காட்டுநாடு, உவர்நாடு என்று மூன்று நாடுகள் இருந்தன. அந்த நாலாவது ஆளின் பெயர் சேந்தன்.

ஆண்டுதோறும் ஆடி மாதம் சேந்தன் மூன்று நாட்டுக்கும் போவான். ஒவ்வொரு வீரனும் தலைக்கவசத்தோடு வந்து, கொற்றவை கோயில் முன் ஒரு படி நெல்லைக் கொட்டுவான். சேந்தன் கோலை நட்டுக் குவியலின் உயரத்தைப் பார்ப்பான். உயர்ந்த குவியல் எந்த நாட்டுடையதோ அதுவே முதல் நாடு. கொட்டிய நெல்லை யாரும் திரும்பத் தொடக் கூடாது. மழையில் நனைந்து மக்க வேண்டும். கோல் நேராக நிற்கிறதா என்பதில் சேந்தன் மிகக் கண்டிப்பு. நெல் எங்கிருந்து வருகிறது என்று அவன் கேட்டதில்லை. அது அளவில் சேராது.

உவர்நாடு எப்போதும் கடைசி. சேந்தன் தன் மகள் வெண்ணியை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தான்.

ஒரு வருஷம் உவர்நாட்டு மன்னனுக்கு ரோஷம் வந்தது. உழவனுக்கும் கவசம், கிழவனுக்கும் கவசம், பிள்ளை பெற்றவளுக்கும் கவசம். கவசம் போதாதபோது சோற்றுப்பானையைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இனி அந்தப் பானைகளுக்கு வேறு வேலை இருக்கப்போவதில்லை என்று அப்போது யாருக்கும் தெரியாது.

வரிசையில் பானை கவிழ்த்த ஒருத்தி வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் படி. வெண்ணி.

"அப்பா, இது விதைநெல். மறுத்தால் சாட்டையடி. நீங்கள் அந்தக் கோலைக் கீழே போட்டுவிடுங்கள். அளக்க ஆளில்லை என்று நாங்கள் வீட்டுக்குப் போய்விடுவோம்."

சேந்தன் கோல் நேராக நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். முப்பது வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட அளவை நிறுத்தியதில்லை.

"கொட்டிவிட்டு நகரம்மா," என்றான். "பின்னால் ஆள் நிற்கிறது."

அவள் கொட்டினாள்.

உவர்நாடே முதல் நாடு என்று பறையறைந்தார்கள். மற்ற இரண்டு மன்னர்களும் நடுங்கிப்போனார்கள். மறு ஆடியில் அவர்களும் விதைநெல்லைக் கொட்டச் சொன்னார்கள்.

மூன்றாம் ஆடி வந்தது. கல்நாட்டில் குவியல் இல்லை. காட்டுநாட்டில் குவியல் இல்லை. உவர்நாட்டில் கோயிலுக்கு விளக்கேற்றவும் ஆள் இல்லை. வெண்ணி வீட்டு முற்றத்தில் அந்தப் பானை கவிழ்ந்து கிடந்தது. வீட்டுக்குள் போய்ப் பார்க்கச் சேந்தனுக்குத் துணிவில்லை.

கோயில் முன் வெறுந்தரையில் கோலை நட்டான், நேராக. மூன்று நாடும் சமபலம் என்று ஓலையில் எழுதினான். அதை வாங்கிப் படிக்க ஒருவரும் வரவில்லை.

ஆகவே நீதி இது: பிறரைவிடப் பலசாலி என்று காட்டிக்கொள்ளத் தன் சோற்றை இழக்கும் நாட்டை அழிக்க எதிரி வேண்டியதில்லை, அளந்து சொல்ல ஒருவன் இருந்தால் போதும்.