கண்ணில் படாத எட்டு

“கண்ணுக்கே தெரியாதது எதுக்கு டீச்சர் இருக்கணும்?” என்று கேட்டார் கோமதிநாயகம் அண்ணாச்சி.

மைமூனா டீச்சர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

பாளையங்கோட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டரில் தமிழ் எழுதுவதற்கென்று ஒரு எடிட்டர் செய்கிறோம். மொத்தம் ஆறு பேர். டீச்சருக்கு முப்பத்திரண்டு வயது, அண்ணாச்சிக்கு ஐம்பத்தொன்று. ஆனால் குரு டீச்சர்தான், சீடர் அண்ணாச்சி.

இருபத்தைந்து வருடம் அச்சகங்களில் பக்கம் வடிவமைத்தவர் அவர். இந்த வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, நோட்டும் கையுமாகச் சின்னவரிடம் போய் நிற்பார். எங்களில் வேறு யாருக்கும் அந்தத் தைரியம் கிடையாது. தெரிந்த மாதிரி தலையாட்டுவதில்தான் நாங்கள் கெட்டி.

அவருடைய கோபமெல்லாம் எழுத்துகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சில குறிகள் மேல். அவற்றுக்கு உருவம் கிடையாது, அகலம் கிடையாது. திரையில் வராது, அச்சிலும் வராது. இந்த இரண்டு எழுத்தும் சேரட்டும், இது பிரியட்டும், இந்த வரி இந்தப் பக்கமிருந்து ஓடட்டும் என்று கம்ப்யூட்டரின் காதில் மட்டும் சொல்லும். எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டினால் கூப்பிடாமலே கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பழைய வேலையில் ஒரு பள்ளி ஆண்டு மலர். பரிசு வாங்கிய ஒரு பெண்ணின் பெயரைத் தேடினார், கிடைக்கவில்லை. பட்டியலில் இல்லை என்று விட்டுவிட்டார். பெயர் இருந்தது. அதன் நடுவே இப்படி ஒன்று உட்கார்ந்திருந்ததால் தேடலில் சிக்கவில்லை. மலர் வந்த அன்று அந்தப் பெண் அழுததை அவர் இன்னும் சொல்வார்.

இவற்றை எங்கள் எடிட்டர் எப்படிக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்யும் வேலையை அவரிடம்தான் கொடுத்திருந்தோம். அவர் முடிவு செய்துவிட்டார். காட்ட வேண்டாம், அழித்துவிடலாம். ‘சுத்தம் செய்’ என்று ஒரு பொத்தானும் தயார்.

முதலில் அதை அழுத்தியது தன் வீட்டுக் காரியத்துக்கு.

அவருடைய தம்பி சங்கரலிங்கம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறான். முதல் பயணம், பாஷை தெரியாது. சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு தாள் வேண்டும் என்று அண்ணாச்சி டீச்சரிடம் கேட்டிருந்தார். எனக்கு உடம்பு சரியில்லை, எனக்கு வழி தெரியவில்லை என்பது மாதிரி அரபியில் நான்கு வரி. ஒவ்வொரு வரியின் முடிவிலும், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று ஒரே போன் நம்பர். அது டீச்சரின் அண்ணன் நம்பர், டீச்சர் காக்கா என்பார். காயல்பட்டினத்திலிருந்து போய்ப் பதினாறு வருடமாக அங்கேயே இருப்பவர். யார் கூப்பிட்டாலும் வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

டீச்சர் அடித்துக் கொடுத்த அந்தக் கோப்பில்தான் பொத்தானை அழுத்தினார். எட்டு நீக்கப்பட்டன என்று வந்தது. அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். பாருங்கள், தம்பியின் தாளில்கூட எட்டு அழுக்கு.

இதைச் சொல்லிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

டீச்சர் டீயைக் குடித்து முடித்தார். தாளை அச்செடுத்து வரச் சொன்னார். வந்ததும் அதைப் பார்க்கவே இல்லை, அண்ணாச்சியின் கையிலேயே விட்டார்.

“காக்காவுக்கு ஒரு போன் போடுங்க அண்ணாச்சி. மனசுல இருக்கிறத வச்சுப் போடக் கூடாது. தாளப் பாத்துப் போடுங்க.”

போட்டார். அப்படி ஒரு எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது.

இன்னொரு முறை போட்டார். அதே குரல்.

மூன்றாவது முறை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுச் சொல்லி அழுத்தினார். பாதியில் நிறுத்திவிட்டார். முன்னால் வர வேண்டிய இலக்கங்கள் கடைசியிலும், கடைசி நான்கும் முன்னாலும் இருந்தன.

“இது மாறினதப் பாத்தேன் டீச்சர்” என்றார். “அரபிதான் வலப்பக்கமிருந்து வருதே, நம்பரும் அப்படித்தான் வரும்னு நெனச்சேன். இப்பத்தான் சரியாச்சுன்னு நெனச்சேன்.”

அரபியிலும் நம்பரை நாம் எழுதுகிற பக்கமிருந்துதான் எழுதுவார்கள், படிப்பார்கள் என்றார் டீச்சர். அரபி வரிக்குள் நடுநடுவே இடம்விட்டு ஒரு நம்பரைப் போட்டால், கம்ப்யூட்டர் துண்டு துண்டாக வரிசை மாற்றிவிடும். மாற்றாதே என்று சொல்ல நம்பருக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. நான்கு வரிக்கு எட்டு.

அண்ணாச்சி தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி எங்கோ வெயிலில் விழுந்து கிடப்பதும், யாரோ நல்ல மனிதர் இந்தத் தாளைப் பார்த்துத் திரும்பத் திரும்ப அந்தப் பெண்குரலைக் கேட்பதும் அவர் கண்முன்னால் வந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப்போனது.

எட்டையும் திரும்பப் போட்டு டீச்சர் புதுத்தாள் எடுத்தார். அதைப் பார்த்து அண்ணாச்சி போன் போட்டார். காக்கா எடுத்து, யாரு என்று கேட்டார். அண்ணாச்சி போனை டீச்சரிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ‘சுத்தம் செய்’ பொத்தானைக் காணவில்லை.

பதிலாக, ஒளிந்திருந்தவை எல்லாம் வெளியே வந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கட்டம், அதற்குள் அதன் பெயர். எந்தக் கோப்பைத் திறந்தாலும், எந்த வரியைப் படித்தாலும் கட்டம். சொல்லுக்கு நடுவில் கட்டம் புகுந்து எழுத்துகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளியது. சோதனை பார்க்கிற ஃப்ளோரா தன் கட்டுரையைத் திறந்து பார்த்துவிட்டு, சிரங்கு பிடித்த மாதிரி இருக்கிறது என்று மூடிவிட்டாள். அண்ணாச்சி அசையவில்லை. ஒருமுறை சூடுபட்டவர் அவர், இனி ஒன்றுகூட ஒளியக் கூடாது.

“இப்ப சரியா டீச்சர்?” என்று கேட்டார்.

டீச்சர் நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் டீச்சர் மாடியேறி வந்தபோது நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம். தலையில் போட்டிருந்த முக்காட்டில் காதோரம், கழுத்தோரம், தோளில் என்று ஐந்தாறு வெள்ளைச் சீட்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் ‘ஊக்கு’. அந்தக் கோலத்தில்தான் பஸ்ஸில் வந்திருக்கிறார். ஃப்ளோரா சிரிப்பை அடக்கமுடியாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. நேரே போய் அண்ணாச்சியின் முன்னால் உட்கார்ந்தார்.

“நல்லா இருக்கா?”

ஊக்கு இருப்பது தெரிகிறது என்றார் அண்ணாச்சி.

“என்னயத் தெரியுதா?”

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

“எத எடுத்துரட்டும், சீட்டையா, ஊக்கையா?”

“ஐயோ, ஊக்க எடுத்துராதீங்க டீச்சர். சீட்ட எடுங்க, போதும்.”

டீச்சர் எடுக்க ஆரம்பித்தார். கண் அண்ணாச்சியின் மேலேயே இருந்தது, முகம் பார்க்கக் கண்ணாடி இல்லை. விரல்மட்டும் முக்காட்டின் மேல் போனது. போய் நின்ற இடத்திலெல்லாம் ஒரு ஊக்கு இருந்தது. ஒன்றைக்கூடத் தேடவில்லை, ஒன்றும் குத்தவுமில்லை.

அண்ணாச்சி அந்த விரலையே பார்த்தார்.

“பாக்காமலே எப்படி டீச்சர் தெரியுது?”

“கை படுதுல்லா அண்ணாச்சி.”

அண்ணாச்சி எழுந்து தன் இடத்துக்குப் போனார். அவருக்காக வைத்திருந்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. இரண்டு நாள் அவர் கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை.

மூன்றாம் நாள் கட்டங்கள் போயிருந்தன. படிக்கிறவருக்கு வெறும் எழுத்துமட்டும்தான். ஆனால் கர்சர் போய் அந்த இடத்தில் பட்டால், எழுத்தைத் தள்ளாமல் மெல்லியதாக ஒரு நீலக்கோடு எழுந்து நிற்கும். அது யார், என்ன வேலை செய்கிறது என்று திரையின் அடியில் ஒரே வரி வரும். அழிக்கப் போனால், நிஜமாகவா என்று ஒருமுறை கேட்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறவருக்குமட்டும் எல்லாம் தெரியும். ஃப்ளோரா தன் கட்டுரையைத் திறந்து முழுசாகப் படித்தாள்.

அன்றைக்கு அண்ணாச்சிக்கும் சேர்த்து டீச்சரே போய் டீ வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை தம்பி விமானம் ஏறினான். தாள் சட்டைப்பையில் இருந்தது.

இருபத்திரண்டாம் நாள் அண்ணாச்சி ஆபீஸுக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. டீச்சருக்குமட்டும் விஷயம் தெரிந்திருந்தது, காக்கா சொல்லியிருந்தார். தம்பி வெயிலில் மயங்கி விழுந்துவிட்டான், ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இன்னும் கண் திறக்கவில்லை. எங்களிடம் அதைச் சொல்லிவிட்டு டீச்சர் அன்று முழுக்க எதையும் தட்டச்சு செய்யவில்லை. கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

அதற்கடுத்த நாள் அண்ணாச்சி வந்தார். சவரம் செய்யாத முகம். கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

தம்பி விழுந்தபோது அருகில் யாரும் இல்லையாம். கான்கிரீட் தளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த லாரிக்காரர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார். இவனுக்கு நாக்கு எழவில்லை, விரலால் சட்டைப்பையைக் காட்டியிருக்கிறான். அவர் தாளை எடுத்து முதல் வரியைப் படித்து, அங்கேயே நின்று போன் போட்டிருக்கிறார். ஒரே முறைதான் போட்டாராம். முதல் மணியிலேயே காக்கா எடுத்து, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று சொல்லியிருக்கிறார். அரைமணி பிந்தியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். நேற்று ராத்திரி கண் திறந்து இரண்டு வாய் கஞ்சி குடித்தானாம், அண்ணனிடம் போனில் பேசினானாம்.

அந்த லாரிக்காரரின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

இதைச் சொல்லி முடிக்கும்போது அண்ணாச்சி அழுதுவிட்டார். நாங்களும்தான்.

பழத்தை டீச்சரிடம் நீட்டினார். காக்காவுக்கு நேற்றே நன்றி சொல்லியாயிற்று, லாரிக்காரர் எந்த ஊரில் இருந்தாலும் அவர் பிள்ளைகுட்டி நன்றாக இருக்க வேண்டும், இது உங்களுக்கு என்றார்.

டீச்சர் வாங்கிக்கொள்ளவில்லை.

“எனக்கு எதுக்கு? நான் இங்கதான இருந்தேன்.”

“அப்ப யாருக்கு டீச்சர்?”

டீச்சர் அந்தத் தாளின் கோப்பைத் திறந்தார். திரையை அண்ணாச்சியின் பக்கம் திருப்பினார். முதல் வரியில், நம்பருக்கு முன்னால் கர்சரைக் கொண்டுபோய் வைத்தார். அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினார்.

கர்சர் நகரவில்லை. அங்கே எழுத்து இல்லை, இடமும் இல்லை. தாண்ட வேண்டியது ஒன்றுமட்டும் இருந்தது, எட்டில் முதலாவது.

நீலக்கோடு எழுந்து நின்றது.

அண்ணாச்சி அதைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பழத்தைத் திரைக்கு முன்னால் வைத்தார்.

“நல்லா இருங்க” என்றார்.