காற்றின் கண்

"கரக்... கரக்..." என்று மரப்பட்டையைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. அப்போதுதான் இருட்டியிருந்தது. இலுப்பை மரப் பொந்துக்குள் இருந்த தாய் அணில் நடுங்கிப் போனது. இன்னும் கண் திறக்காத மூன்று குட்டிகள், அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு பால் வாசத்தில் கனவு கண்டுகொண்டிருந்தன.

பிள்ளை பெற்றதிலிருந்து அணிலுக்கு எதைக் கண்டாலும் பயம். பனி வந்துவிடும், பாம்பு பார்த்துவிடும் என்று பொந்தின் சின்ன ஜன்னலைக்கூட இலவம் பஞ்சால் அடைத்துவிட்டது. உள்ளே மேகத்துக்குள் படுத்திருப்பதுபோல் இருந்தது.

"மதினி! கதவைத் திறங்க! பிள்ளைங்க நாக்குல தொட்டு வைக்கத் தேன் கொண்டு வந்திருக்கேன்!" என்றது வெளியே ஒரு குரல்.

பிறந்த குட்டிக்கு முதல் தேனை அத்தைதான் தொட்டு வைக்க வேண்டும். அணில்களின் வழக்கம் அது. நாத்தனாரை வாசலில் நிற்க வைத்தால் அப்புறம் பேச்சு தாங்காது! அணில் தாழ்ப்பாளைப் பாதி இழுத்துவிட்டது.

"நில்லுடி! யாருன்னு பார்த்தியா?" மேல் பொந்திலிருந்து மைனா கத்தியது. கன்னியர் பள்ளிக்கூடத்துக் கூரையில் வளர்ந்து, வகுப்பெல்லாம் காதால் கேட்ட மைனா அது.

"ஜன்னலைத்தான் அடைச்சுட்டேனே அக்கா! நீங்க பாருங்களேன்!"

"இருட்டினா எனக்கு எங்கே கண்ணு தெரியுது? கேளு. ஜன்னலுக்கு இங்கிலீஷ்ல விண்டோன்னு பேரு. ஐரோப்பாவோட வடக்குக் கடலோரத்து ஜனங்க பழைய காலத்துல வச்ச பேரு. காற்றின் கண்ணுன்னு அர்த்தம். அப்போ கண்ணாடி ஏது? சுவர்ல ஒரு ஓட்டை. அது வழியா காத்து வந்து சேதி சொல்லும். நீ அந்தக் கண்ணுல பஞ்சை வச்சு அடைச்சிருக்கே!"

"இங்கிலீஷ் வகுப்பை நாளைக்கு வச்சுக்கங்க! இங்கே தேன் வழியுது!" என்று வெளியே சலித்துக்கொண்டது குரல்.

அணில் பஞ்சைப் பிடுங்கியது. நிலா ஒரு நூலாக உள்ளே இறங்கியது. பின்னாலேயே காற்று மெல்ல நுழைந்தது. முதலில் இலுப்பைப் பூ மணத்தது. அடுத்து ஈர மண். அதற்கும் பின்னால் பச்சை ரத்தமும் நனைந்த ரோமமும் நாறின. தேன் வாசம் துளிகூட இல்லை!

"என்ன மதினி, யோசனை?"

"உங்க தேன் மரநாய் மாதிரி நாறுதே, நாத்தனாரே!"

வெளியே ஒரு உறுமல். கதவில் நகங்கள் பாய்வதற்குள் அணில் தன் முழு பலத்தோடு தாழ்ப்பாளைக் கடைசிவரை தள்ளியது.

பயம் வந்தால் கதவைத் தாழிடலாம். தெரிந்துகொள்ளும் வழியை மட்டும் அடைத்துவிடக் கூடாது.