மோர்க்காரி நடந்த கோடு

மருதங்கோட்டை ராஜா மதுவைத் தடை செய்தாலும் செய்தார், அதிகாரி வீரகேசரிக்குக் கொண்டாட்டம். பறித்த ஜாடிகளெல்லாம் அவர் வீட்டுக்குள் போயின, திரும்பி வரவேயில்லை.

குடிகாரர்களைப் பிடிக்கத் தினமும் கோட்டை வாசலில் தன் கையாலேயே சுண்ணாம்புக் கோடு போடுவார். வருகிறவர்கள் அதன் மேலேயே நடக்க வேண்டும்; விலகினாலும் சவுக்கடி, தள்ளாடினாலும் சவுக்கடி. பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தவன்கூடத் தப்பவில்லை. ஊரே முதுகைத் தடவிக்கொண்டு திரிந்தது.

அன்று ராஜாவே வேடிக்கை பார்க்க வந்திருந்தார். மோர்க்காரி இருளாயி தலையில் பானையோடு கோட்டில் கால் வைத்தாள். இடப்பக்கம் போனாள், வலப்பக்கம் வந்தாள், மறுபடி இடப்பக்கம் வளைந்தாள்.

"பார்த்தீர்களா மகாராஜா! மூக்கு முட்டக் குடித்திருக்கிறாள். கட்டுங்கடா இவளை!" என்று குதித்தார் வீரகேசரி.

இருளாயி பானையை நிதானமாக இறக்கி வைத்தாள். "மகாராசா, என் காலு கோட்டை விட்டு எங்கயாச்சும் விலகியிருக்கான்னு பாருங்க."

ராஜா குனிந்து பார்த்தார். ஒவ்வொரு காலடியும் கோட்டின் மேலேயே பதிந்திருந்தது. "இல்லையே!" என்றார்.

"அப்போ தள்ளாடுறது நான் இல்லீங்க, கோடு. அதைப் போட்டவரைக் கொஞ்சம் வாயை ஊதச் சொல்லுங்க."

அதுவரை ஓயாமல் கத்திய வீரகேசரி, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.