கிளி சொன்ன ஆலம்பால் ஒட்டு

காட்டோரத்துத் தேக்கங்கன்றில், இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்த கூட்டில், ஒரு தையல்சிட்டு தன் ஒற்றைக் குஞ்சோடு குடியிருந்தது. ஆடிக்காற்றில் தையல் பிரிந்தது. தூறல் உள்ளே சொட்டியது, குஞ்சு நடுங்கியது.

மறுபடி தைக்க எருக்கம்பஞ்சு தேடிப் புறப்பட்டது சிட்டு. வழியில் ஆலமரத்துக் கிளி அதை நிறுத்தி விஷயத்தைக் கேட்டது. யார் வீட்டில் எது உடைந்தாலும் கிளியிடம் ஒரு வழி இருக்கும். கேட்டுத் தலையாட்ட மைனாக்கள் கிளை நிறைய உட்கார்ந்திருக்கும்.

"இந்தக் காலத்தில் யாராவது தைப்பார்களா, தங்கச்சி? ஆலங்கிளையைக் கொத்து. பால் வடியும். பிளவில் பூசு. அவ்வளவுதான் வேலை!"

மைனாக்கள் ஆகா என்றன. மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. சிட்டு பாலை அலகில் ஏந்திப் போய்ப் பிளவு நெடுகப் பூசியது. மழை கொட்டியது. ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. சிட்டு கிளியை வாயார வாழ்த்தியது.

மழை விட்டதும் குஞ்சு அலறியது. அதன் சிறகு பிளவில் ஒட்டியிருந்தது. உதற உதற மற்றச் சிறகும் மாட்டிக்கொண்டது.

அலறல் கேட்டு அணில் ஓடிவந்தது. வேடன் குருவி பிடிக்கக் கிளையில் தடவுவதும் இதே பால்தான் என்று தலையில் அடித்துக்கொண்டது. அது மென்று தந்த இலுப்பைக் கொட்டையின் எண்ணெயைத் தடவித் தடவிச் சிட்டு குஞ்சை மீட்டது. பாதி இறகு இலையோடு நின்றுவிட்டது.

சிட்டு நேரே ஆலமரத்துக்குப் பறந்து, நடந்ததைச் சொன்னது.

கிளி அசையவில்லை. "வழி சரியான வழிதான். உன் கைதான் சரியில்லை."

"என் கையா? நீ எங்கே பூசிப் பார்த்தாய், அண்ணா? அதைக் காட்டு."

கிளி தன் பொந்தைத் திரும்பிப் பார்த்தது. அது குக்குறுவான் பறவை குடைந்து விட்டுப்போன பொந்து. கிளி அதில் ஒரு சிராய்கூடப் பெயர்த்ததில்லை.

"என் வீடு ஒழுகவில்லையே" என்றது.

"அப்படியானால் உன் வாசலில் ஒரு கோடு பூசு. உன் பிள்ளைகளை அதை மிதித்து வெளியே வரச் சொல்."

கிளி பொந்துக்குள் போய் வாசலை மறைத்து உட்கார்ந்துகொண்டது. மைனாக்கள் ஒன்றையொன்று பார்த்தன, ஒவ்வொன்றாகப் பறந்துபோயின. சிட்டு எருக்கஞ்செடியைத் தேடிப் போயிற்று.

தன் வீட்டில் செய்து பார்க்காத வழியை அடுத்தவர் வீட்டுக்குச் சொல்வது உதவியல்ல, அநியாயம்.