அம்பு கிளம்பும் இடம்

இந்தக் கதையில் குருவுக்கும் சிஷ்யைக்கும் ஒரே வயசு. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவர்கள். ஃபிலோமினா மேலே மேலே படித்து அதே கல்லூரியில் பேராசிரியை ஆகிவிட்டாள். சொர்ணக்கனி ஆர்கானிக் பேப்பரில் அரியர் வைத்தாள், கல்யாணமாகி ஆலங்குளம் போனாள். போனவள் போனவள்தான்.

அந்தப் பேப்பரை அவளும் எழுதி எழுதிப் பார்த்தாள். தேறவில்லை. அப்புறம் பிள்ளைகள், மாமியாருக்கு வைத்தியம் என்று படிப்பு ஒரு மூலையில் கிடந்தது. இத்தனை வருஷம் கழித்து, பழைய அரியர்காரர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. அவள் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்திலும், டிகிரி இல்லாதவர்கள் ஜூனுக்கு மேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலையாவது போய்த் தொலையட்டும். படிப்பை முடிக்காதவள் என்ற பேரோடே காலம் தள்ளவேண்டுமே, அதுதான் அவளை அரித்தது.

வெட்கத்தை விட்டுவிட்டு ஃபிலோமினா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஏளா சொர்ணம்!" ஃபிலோமினா வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமைதோறும் பாடம். பாதி நேரம் பழங்கதையிலேயே போகும்.

"லேபுல, புகை கக்கி எரிஞ்சா அரோமேட்டிக் வகைன்னு மருந்தை ஸ்பேட்டுலா கரண்டி நுனியில வச்சுக் கொளுத்துவோமே, உன் மூக்கெல்லாம் கரி," என்பாள் ஃபிலோமினா.

"உன் தாவணியெல்லாம் ஆசிட் ஓட்டை. எலி கடிச்சுட்டுன்னுல்லா உங்கம்மா எலிப்பொறி வாங்குனாவ!"

சிரித்துச் சிரித்து ரெண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆசிடையும் ஆல்கஹாலையும் சேர்த்துச் சூடாக்கினால் குப்பென்று ஒரு பழ வாசனை வருமே, அது இன்னும் சொர்ணத்தின் மூக்கிலேயே நிற்கிறது. அடடா, அதுவல்லவா வாழ்க்கை! என்ன ஆகப்போகிறோம் என்று தெரியாமலே எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று நினைத்துக்கொள்வாள்.

சரி, பாடம்? அங்கேதான் சனியன் உட்கார்ந்திருந்தது.

ஆர்கானிக்கில் ஒரு வினை எப்படி நடக்கிறது என்பதை வளைந்த அம்பு போட்டுக் காட்டவேண்டும். எலெக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் அந்த அம்பு. அம்மோனியாவும் ஹெச் பிளஸ்ஸும், அதாவது எலெக்ட்ரானை இழந்த ஹைட்ரஜனும், சேருவது அதில் அரிச்சுவடி. அம்மோனியாவில் இருக்கும் நைட்ரஜன் தலையில் ரெண்டு புள்ளி வைத்திருக்கும். அது ஒரு ஜோடி எலெக்ட்ரான். ஹெச் பிளஸ்ஸிடம் ஒரு மண்ணும் கிடையாது, வெறுங்கை. சொர்ணம் அந்த வெறுங்கையிலிருந்து அம்பைக் கிளப்பி நேரே நைட்ரஜனில் கொண்டுபோய்க் குத்துவாள்.

"தப்பு. அம்பு இந்த ரெண்டு புள்ளியிலல்லா கிளம்பணும்?"

அழித்துவிட்டுப் போடுவாள். அடுத்த கணக்கில் மறுபடி அதே தப்பு.

"அன்னைக்கும் இந்த அம்புலதான்ளா நீ கோட்டை விட்ட."

சொர்ணத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு ஒண்ணு சொல்லு. இல்லாதது யாருக்கு? ஹெச் பிளஸ்ஸுக்கு. தேவை யாருக்கு? அதுக்கு. அப்ப அதுதானே தேடிப் போவணும்? உலகத்துல எல்லாம் அப்படித்தானே நடக்கு? எனக்கு வேணும், நான் பஸ் ஏறி உன் வீட்டுக்கு வாரேன். நீயா என் வீட்டுக்கு வார?"

ஃபிலோமினா சாக்பீஸைக் கீழே வைத்தாள். காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

அப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போனது சொர்ணத்தைச் சுருக்கென்று குத்தியது. இந்த மக்கோடு மாரடிக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்திருப்பாள். ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். ஒரு காலத்தில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவளிடம் போய் இப்படி அசடு வழிய நிற்கவேண்டுமா? அந்த வாரம் முழுக்க அவள் புத்தகத்தைத் தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமை போன் போட்டாள்.

"ஃபிலோ, நான் நாளைக்கு வரலளா. இனிமேயும் வரல. பரீட்சையும் எழுதல. எனக்கு மண்டையில ஏறாது, விடு."

"சரி," என்றாள் ஃபிலோமினா. போனை வைத்துவிட்டாள்.

சரியாம்! வந்துருளா என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா? சொர்ணம் அன்றைக்கு அடுப்பங்கரைப் பாத்திரங்களையெல்லாம் போட்டு உருட்டினாள். புத்தகங்களைக் கட்டிப் பரணில் ஏற்றினாள்.

மறுநாள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொளுத்துகிற வெயிலில் குடை பிடித்துக்கொண்டு யாரோ தெருவில் தாங்கித் தாங்கி நடந்து வருவது தெரிந்தது. பக்கத்தில் வந்த பிறகுதான் ஆள் யாரென்று புரிந்தது. கல்யாணத்துக்கு வந்ததோடு சரி, அதற்குப் பிறகு இந்த ஊர்ப் பக்கமே வராத ஃபிலோமினா.

சொர்ணம் ஈரத்துணியும் கையுமாக ஓடினாள். "ஏளா! முழங்காலு வலிக்குன்னு மாடிப்படி கூட ஏற மாட்ட. இந்த வெயில்ல பஸ்ஸு மாறி எதுக்குளா வந்த? நான்தான் வரலன்னு சொன்னேன்லா?"

ஃபிலோமினா படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். சொம்புத் தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்தாள்.

"தேவை எனக்குத்தானேளா," என்றாள் சொர்ணம். குரல் உடைந்துவிட்டது.

ஃபிலோமினா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"தேவை உனக்குத்தான். இருக்கது எங்கிட்டல்லா?"