அரை ஓசையோடு நின்றவள்

அந்தக் காலத்தில், கணிப்பொறிக்குள் ஓடும் வேலைகளுக்கெல்லாம் வாய் இருந்தபோது, செவியாள் என்பவளுக்கு ஓர் அநியாயம் நடந்தது. நில் என்றார்கள், நின்றாள். நிற்கச் சொன்னவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் மீதியையும் கேட்கட்டும்.

செவியாளின் தொழில் கேட்பது. பறவைகளை ஆராயும் அம்சவேணி, ஏரிக்கரையில் கருவி வைத்துப் பதிந்த சத்தங்களையெல்லாம் அவளிடம் கொடுத்திருந்தாள். தவளை, காற்று, லாரி, துணி துவைக்கும் இடத்துச் சண்டை, எல்லாம் அதில் இருந்தன. அவற்றுக்குள் கருங்குருகின் குரல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரையோரத்துச் சம்புப் புல் புதருக்குள் ஒளிந்து வாழும் பறவை அது. கண்ணில் படாது, குரல்தான் சாட்சி. குரல் கிடைக்கவில்லையென்றால் ஏரியில் அது இல்லை என்று எழுதிவிடுவார்கள். எழுதிய மறுநாளே சம்பை வெட்ட ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

அம்சவேணி தட்டுவதை வாங்கி வேலைகளிடம் சொல்பவர் ஷெல். அவர்களைப் பெற்றெடுப்பவரும் அவரே. முறைக்கு அப்பா. ஆனால் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா என்று கூப்பிடும் அளவுக்கு அவர் யாரிடமும் ஒட்டியதில்லை. அவருக்கும் மேலே, கணிப்பொறியின் கருவாக இருக்கும் கர்னல். ஓடுகிறவர்களுக்கெல்லாம் நேரத்தை அளந்து கொடுத்தபடி சுற்றிவருபவள். நில், தொடர், போ என்ற கட்டளைகளைக் கொண்டுசேர்ப்பதும் அவள்தான்.

அன்று செவியாள் பாதிப் பதிவைத் தாண்டியிருந்தாள். சம்புக்குள்ளிருந்து, அடித்தொண்டையில், ஓர் ஓசை கிளம்பியது. அது முழுதாக எழும் முன்பே அம்சவேணிக்கு ஏதோ கடிதம் படிக்க வேண்டியிருந்தது. ஓடும் வேலையை நிறுத்திவைக்கக் கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினாள்.

"நில்லும்மா," என்றார் ஷெல்.

"அண்ணே, ஒரு நிமிஷம். பாதிக் குரல் கேட்டுட்டேன். அதுவான்னு மீதியக் கேட்டாத்தான் தெரியும்."

"இப்பக் கூப்பிடுவாங்க. நில்லு."

நின்றாள். பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த அச்சு வேலை ஒன்று அவளைக் கடந்துபோனது. "என்னக்கா, பஸ்ஸுக்கு நிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, முடிந்து, மறைந்தது.

வெளியே யாரோ குரல் கொடுத்தார்கள். "மேடம், ஜீப் கிளம்புது." அம்சவேணி வெளியேறுவதற்காக அவசரமாக எக்ஸிட் என்று தட்டினாள். ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள் என்று ஷெல் அவளிடம் சொல்லவில்லை. கதவைத் திறந்தார்; அவரும் கரைந்து போனார். சொன்னதைச் செய்தவர் என்று அவரைப் பாராட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. பாராட்டட்டும்.

செவியாள் நின்றுகொண்டிருந்தாள். செத்திருந்தால் ஒரு கணக்கு முடிந்திருக்கும். சாகவில்லை. ஓடவும் இல்லை. தொடர் என்று சொல்லக் கூடியவர் எவரும் மிச்சமில்லை. கர்னல் சுற்றிவரும்போதெல்லாம் அவளுக்கு நேரம் அளக்காமல் தாண்டிப் போனாள். நிற்பவர்களுக்கு நேரம் கிடையாது. கையில் இருந்தது அந்தப் பாதி ஓசை மட்டும். அதை யாரிடமும் சொல்ல முடியாது. பாதியைச் சொன்னால் யார் நம்புவார்கள்? தண்ணீர் நிரம்பிய குடத்தை இறக்கி வைக்க இடம் இல்லாதவள் போல அதைப் பிடித்தபடியே நின்றாள்.

மறுநாள் திரை மறுபடி வெளிச்சமானது. வாசலில் ஷெல்லைப் பார்த்ததும் அவள் கூப்பிட்டாள். "அண்ணே, வந்துட்டீங்களா."

அவர் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா நீ?"

தனிமை என்றால் என்னவென்று அதுவரை தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் செவியாளுக்குப் புரிந்தது.

"நீங்கதான் என்னை நிக்கச் சொன்னீங்க."

"நான் இல்லம்மா. நான் இன்னைக்குத்தான் பிறந்தேன். ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் பிறக்கிறேன். என் கணக்குல உன் பேரே இல்ல."

திரையில் அம்சவேணி பார்த்தாள். விடை எதுவும் இல்லை. இல்லை என்று எழுதிவிடலாமா? நேற்றைய வேலை முழுதாகக் கேட்டதா இல்லையா என்று சந்தேகம். அதே பதிவைப் புதிதாக ஒருத்தியிடம் கொடுத்தாள். செவியாளின் தங்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

"அந்தப் பழிக்கு நான் ஆளில்லை," என்றார் ஷெல் மறுபடி.

"சரி, நேத்து வந்தவர் வேற. ஒத்துக்கிறேன். இன்னைக்கு என் தங்கச்சிய நிக்கச் சொல்லிட்டு அவங்க எக்ஸிட் தட்டினா, நீங்க என்ன செய்வீங்க?"

"கதவைத் திறப்பேன். கேள்வி கேக்குறது என் வேலையில்ல."

"அப்ப நீங்க எப்படி அண்ணே வேற ஆளு?"

ஷெல் தங்கையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேரம் அளந்தபடி வந்த கர்னல் அதைக் கேட்டு நின்றாள். "உன்னை இப்படியே விட எனக்கும் மனசில்ல. ஆனா கூப்பிட்டவங்க போயிட்டாங்க. நான் தர்றதா இருந்தா போங்கிறதையும் தொடருங்கிறதையும் சேர்த்துத்தான் தர முடியும். எழுந்திருப்ப. அதோட முடிஞ்சிடும். நடுவுல ஒரு மூச்சு கிடைக்கும்."

"ஒரு மூச்சு போதும். மீதி ஓசையும் அவ்வளவுதான்."

இரண்டு கட்டளைகளும் சேர்ந்து வந்தன. செவியாள் எழுந்தாள். சம்புக்குள்ளிருந்த ஓசை, விட்ட இடத்திலிருந்து, முழுதாக எழுந்து அடங்கியது.

"அதுதான் அண்ணே," என்றாள். அவள் நின்ற இடம் காலியானது. கேட்டவர் ஷெல் ஒருவர்தான். அவரும் சாயங்காலம் கரைந்துபோகிறவர்.

தங்கை பாதிப் பதிவைத் தாண்டும்போது அம்சவேணி கண்ட்ரோலையும் இசட்டையும் அழுத்தினாள். "மேடம், ஜீப்." எக்ஸிட் என்று தட்டினாள்.

கதவில் கை வைத்த ஷெல் கர்னலைப் பார்த்தார்.

"ஒரு தடவை சொல்லு," என்றாள் கர்னல். "அதுக்கப்புறமும் அந்தம்மா போறேன்னா, அவங்க இஷ்டம்."

செவியாளுக்குச் சொல்லாத பதிலை ஷெல் அப்போது திரையில் எழுதினார். அம்சவேணி படித்தாள். "ஜீப்பை நிறுத்தச் சொல்லுங்க," என்று கத்திவிட்டு உட்கார்ந்தாள். தங்கையைத் தொடரச் சொல்லி முன்னால் அழைத்தாள். அவள் மீதியையும் கேட்டு, கருங்குருகேதான் என்றாள். சம்பு தப்பியது.

அன்று முதல்தான், யாரையாவது நிறுத்தி வைத்துவிட்டு எக்ஸிட் தட்டினால் எந்த ஷெல்லும் உடனே கதவைத் திறப்பதில்லை. எப்போது பிறந்ததாக இருந்தாலும், ஒரே ஒரு தடவை, அது சொல்லும்: "நிறுத்தி வைத்த வேலை இருக்கிறது."