பத்தியம் யாருக்கு?

வெள்ளாம்பாறை ஜமீனில் தேர்த்திருவிழா. ஊரே கூடி நிற்க, ஜமீன்தார் தன் செவலைக் குதிரை மேல் ஏறப் போனார். அது முன்னங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டது. அவர் முகம் கறுத்துப்போயிற்று.

"பெத்த பிள்ளைலே எனக்கு இது! நீ பார்த்த வைத்தியத்துல என்ன கதியாச்சு பாரு!" என்று குதிரை வைத்தியமும் பார்க்கும் லாயக்காரன் பேச்சிமுத்து மேல் பாய்ந்தார். "பொழுது சாயுறதுக்குள்ள குணமாக்கு. இல்லேன்னா அதைச் சுட்டுருவேன், உன் தோலையும் உரிச்சிருவேன்."

பேச்சிமுத்து சேணத்தை இறக்கினான். முதுகு முழுக்கப் புண். விலாவெல்லாம் சாட்டைத் தழும்பு. கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் புண்ணில் பூசினான். பிறகு நிலவேம்புக் கசாயம் காய்ச்சிக் கொண்டுவந்து, ஜமீன்தாரிடமே கிண்ணத்தை நீட்டினான்.

"எனக்கு எதுக்குலே?"

"கைக்குழந்தைக்கு நோவுன்னா மருந்து குடிக்கிறது யாரு, எசமான்?"

"பெத்தவதான்."

"பத்தியம் இருக்கிறது?"

"அவளேதான்."

"அப்போ குடிங்க, எசமான். பெத்த பிள்ளைன்னு இத்தனை பேர் முன்னால சொன்னது நீங்கதானே?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் அந்தக் கிண்ணத்தின் மேலேயே இருந்தது. ஜமீன்தார் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"பத்தியம் என்னலே?"

"சேணத்துல ஏறக் கூடாது. சாட்டையைத் தொடக் கூடாது."

"எதுவரைக்கும்?"

"நீங்க அதைப் பிள்ளைன்னு சொல்லிக்கிற வரைக்கும், எசமான்."